இரும்புக் காளைகளின் இழுபறி

பஞ்சாப் கிராமங்களில் பழைய டிராக்டர்களுக்கு மறுவாழ்வு தந்திருக்கிறது ‘டோச்சன்’ போட்டி. உழுவதற்குச் செய்த இயந்திரத்தை இழுப்பதற்கு மாற்றும் வித்தை சுவாரசியமானது. அதற்குக் கொடுக்கும் விலையும் லேசானதல்ல.

விதி ஒன்றும் சிக்கலானதல்ல. இரண்டு டிராக்டர்கள், முதுகுக்கு முதுகு. நடுவே ஒரு கனத்த சங்கிலி. தரையில் ஒரு சுண்ணாம்புக் கோடு. கொடி அசைந்ததும் இரண்டும் எதிரெதிர்த் திசையில் இழுக்கும். எது பின்னோக்கி இழுபடுகிறதோ அது தோற்றது. பெரும்பாலான ஆட்டங்கள் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். அந்த ஒரு நிமிடத்துக்காக ஒரு குடும்பத்தின் டிராக்டர் மாதக்கணக்கில் பட்டறையில் கிடந்திருக்கும்.

டோச்சன் என்ற பஞ்சாபிச் சொல், பழுதான வண்டியைக் கட்டி இழுக்கும் ‘டோ செயின்’ என்ற ஆங்கிலச் சொல் கிராமத்து வாயில் தேய்ந்து உருண்டது என்பார்கள். சேற்றில் மாட்டிய பக்கத்து வயல்காரரின் டிராக்டரை வெளியே இழுத்து விடுவதுதான் டோச்சன் போடுவது. உதவி எப்போது போட்டியானது என்று யாரும் தேதி குறித்து வைக்கவில்லை. ஆனால் பஞ்சாப், ஹரியானா, ராஜஸ்தானின் வடக்கு ஓரத்தில் உள்ள கங்காநகர், ஹனுமான்கட் மாவட்டங்கள் என்று கோதுமையும் கரும்பும் விளையும் பட்டை முழுவதிலும் இன்று இது தெரிந்த ஆட்டம். அறுவடைக்கும் அடுத்த விதைப்புக்கும் நடுவே கிடைக்கும் ஓய்வில், கபடிப் போட்டியோ கிராமத் திருவிழாவோ நடக்கும் மைதானத்தின் ஓரத்தில் டிராக்டர்கள் வந்து நிற்கும். ஒலிபெருக்கியில் வர்ணனை. காது கிழியும் பாட்டு. வரப்பு முழுக்க ஜனம்.

தமிழ் வாசகர்களுக்கு இதில் ஒரு பரிச்சயமான முடிச்சு உண்டு. லூதியானா அருகே கிலா ராய்ப்பூரில் 1933 முதல் நடந்துவரும் கிராம ஒலிம்பிக்ஸின் பெரிய கவர்ச்சி மாட்டுவண்டிப் பந்தயம். 2014 மே மாதம் ஜல்லிக்கட்டுக்குத் தடை விதித்த அதே உச்ச நீதிமன்றத் தீர்ப்பு மாட்டுவண்டிப் பந்தயங்களையும் நிறுத்தியது. தமிழ்நாட்டில் மெரினா நிரம்பி, சட்டம் திருத்தப்பட்டு, காளைகள் வாடிவாசலுக்குத் திரும்பின. கிலா ராய்ப்பூரில் மாடுகள் திரும்பாத ஆண்டுகளில் டிராக்டர்களின் உறுமலே மைதானத்தை நிறைத்தது. டிராக்டருக்கு வலிக்கிறது என்று யாரும் வழக்குப் போட முடியாது அல்லவா?

டோச்சனில் இறங்க விரும்பும் இளைஞன் புது டிராக்டர் வாங்குவதில்லை. மோகா, பர்னாலா, மலோட் போன்ற ஊர்களில் கூடும் பழைய டிராக்டர் மண்டிகளுக்குத்தான் போகிறான். இருபது, முப்பது வயதான வண்டிகள் அங்கே வரிசையாக நிற்கும். காசு மட்டும் காரணமல்ல. 50 ஹெச்.பி.க்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கு 2023 ஜனவரி முதல் புதிய புகைக் கட்டுப்பாட்டு விதிகள் வந்துவிட்டன. அவற்றின் எரிபொருள் அளவைக் கணினிப் பெட்டி ஒன்று கட்டுப்படுத்துகிறது. ஸ்க்ரூடிரைவரோடு போகும் மிஸ்திரிக்கு அங்கே வேலை இல்லை. பழைய எஞ்சினில் பம்ப், நாசில், கவர்னர் எல்லாம் கையால் தொடக்கூடிய இரும்பு. கூடவே, அந்தக் காலத்து வார்ப்பிரும்பு தடிமனானது. கியர் பெட்டியும் பின் அச்சும் அநியாயக் கனம். உழவனுக்கு டீசலைத் தின்னும் இந்தக் கனம்தான் டோச்சன்காரனுக்கு வரம்.

மண்டியில் முதல் மரியாதை ஹெச்.எம்.டி. 5911க்கு. கைக்கடிகாரத்தால் நாடு அறிந்த பொதுத்துறை நிறுவனம், செக்கோஸ்லோவாகியாவின் ஜெட்டார் கூட்டுறவோடு ஹரியானாவின் பிஞ்ஜோரில் 1971இல் டிராக்டர் செய்யத் தொடங்கியது. நான்கு சிலிண்டரும் 59 ஹெச்.பி.யும் கொண்ட 5911 அதன் பெரிய அண்ணன். கரும்பு டிராலி இழுத்துப் பெயர் வாங்கிய வண்டி. நஷ்டத்தில் தள்ளாடிய பிஞ்ஜோர் டிராக்டர் பிரிவை மூடுவதற்கு 2016 அக்டோபரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. தொழிற்சாலை செத்தது, வண்டிக்குப் புகழ் அதற்குப் பிறகுதான் வந்தது. காரணம் ஒரு பாடகர். மான்ஸா மாவட்டத்தின் சித்து மூஸேவாலா ‘டோச்சன்’ என்றே ஒரு பாட்டுப் பாடினார். தன் இசை நிறுவனத்துக்கு 5911 என்று பெயர் வைத்தார். 2022 மே மாதம் சுட்டுக் கொல்லப்பட்ட அவருடைய இறுதி ஊர்வலம் அவருக்குப் பிடித்த 5911 மீதே சென்றது. காயலான் கடைக்குப் போக வேண்டிய வண்டி, மாளிகை வாசலில் பாலிஷ் போட்டு நிறுத்தும் சாமானாகிவிட்டது. டோச்சன்காரர்களுக்கு இதில் கொஞ்சம் கசப்பு உண்டு. இழுக்கத் தெரியாதவனெல்லாம் வாங்கி விலையை ஏற்றிவிட்டான் என்று.

அடுத்த இடம் உள்ளூர்ப் பிள்ளையான ஸ்வராஜ் 855க்கு. துர்காபூர் மத்திய இயந்திரப் பொறியியல் ஆராய்ச்சி நிலையத்தில் முழுக்க இந்தியாவிலேயே வடிவமைக்கப்பட்ட டிராக்டரை நம்பி, 1970இல் பஞ்சாப் அரசு மொஹாலியில் தொடங்கிய நிறுவனத்தின் வாரிசு அது. மூன்றே சிலிண்டர், ஆனால் ஒவ்வொன்றும் 110 மில்லிமீட்டர் அகலம். மொத்தம் 3,307 சி.சி. குறைந்த வேகத்தில் மூச்சு முட்டாமல் இழுக்கும் குணம் அதற்கு உண்டு. உதிரிபாகம் எந்தக் குக்கிராமத்திலும் கிடைக்கும். எஸ்கார்ட்ஸ் நிறுவனம் ஃபரீதாபாதில் செய்த ஃபோர்டு 3600க்கு வயதானவர்களிடையே பக்தி அதிகம். சென்னையின் டாஃபே செய்யும் மாஸே ஃபெர்குசன் 1035, தஞ்சாவூரிலும் கோபியிலும் பழகிய முகம். டீசல் சிக்கனத்தில் கெட்டிக்காரன். ஆனால் உடம்பு லேசு. பெரிய வண்டிகளுக்கு எதிரே அதை நிறுத்தினால் பரிதாபமாக இருக்கும். சிறிய ஹெச்.பி. பிரிவில்தான் அதன் ஆட்டம்.

பெயரைப் பார்த்து வாங்குகிறவன் ஏமாறுவான். பழைய வண்டியின் நிஜ ஜாதகம் வேறு இடங்களில் எழுதியிருக்கிறது. குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்ய வேண்டும், சூடான எஞ்சின் எதையும் மறைக்கும். விற்பவர் காலையிலேயே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால் சந்தேகப்பட இடமுண்டு. எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து பார்க்க வேண்டும். அங்கிருந்து புகை விட்டு விட்டு அடித்தால், ரிங்கும் லைனரும் தேய்ந்து, எரியும் வாயு கீழே கசிகிறது என்று பொருள். இதைச் சரிசெய்யலாம், அதற்கு உள்ளூர்ப் பட்டறையே போதும். ரேடியேட்டர் தண்ணீரில் எண்ணெய் மிதந்தாலும், ஆயிலில் தண்ணீர் கலந்து மோர் மாதிரி வெளுத்திருந்தாலும் ஹெட்டிலோ பிளாக்கிலோ விரிசல் இருக்கலாம். அது வேறு கதை.

ஆனால் டோச்சனுக்கு எடுப்பவன் எஞ்சினைவிட அதிக நேரம் செலவிட வேண்டியது பின்பக்கத்தில். ஒரு பின் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, கியரில் நிறுத்தி, சக்கரத்தை முன்னும் பின்னும் ஆட்ட வேண்டும். சும்மா ஆடும் தூரம் அதிகமானால் கிரவுன், பினியன் பற்கள் தேய்ந்திருக்கின்றன. எஞ்சினும் கியர் பெட்டியும் சேரும் இடத்தில் வெல்டிங் தழும்பு தெரிந்தால் அந்த வண்டியைத் தொடாமல் நகர்வது நல்லது. டிராக்டருக்குக் காரைப் போலத் தனிச் சட்டம் கிடையாது. எஞ்சின், கியர் பெட்டி, பின் அச்சு எல்லாம் போல்ட்டில் ஒன்றோடொன்று இணைந்து அவையே முதுகெலும்பாக நிற்கின்றன. வெல்டிங் போட்ட முதுகெலும்பை நம்பி இரண்டு டன் இழுப்பது தற்கொலைக்குச் சமம்.

வாங்கியாயிற்று. இனி மாற்றும் படலம். இங்கேதான் கிராமத்து இளைஞர்களும் இயற்பியலும் பிரிகிற இடம்.

எல்லோருடைய கையும் முதலில் போவது எரிபொருள் பம்ப்புக்கு. சீல் உடைத்து, அளவுத் திருகைத் திருப்பினால் ஒவ்வொரு அடிக்கும் கூடுதல் டீசல் பாயும். கவர்னரை இறுக்கினால் 2,000 சுற்றில் நிற்க வேண்டிய எஞ்சின் அதற்கு மேலும் அலறும். சைலன்ஸரிலிருந்து கன்னங்கரேலென்று புகை எழும்பும். கூட்டம் ஆர்ப்பரிக்கும். ஆனால் கறுப்புப் புகை சக்தியின் அடையாளமல்ல, எரியாமல் வீணான டீசல். ஒரு கிலோ டீசல் முழுதாக எரிய ஏறக்குறைய பதினான்கரை கிலோ காற்று வேண்டும். நடைமுறையில் புகையில்லாமல் ஓட அதைவிடக் கணிசமாக அதிகம் தேவை. 3,307 சி.சி. எஞ்சின் 2,000 சுற்றில் நிமிடத்துக்கு அதிகபட்சம் 3,300 லிட்டர் காற்றுதான் உறிஞ்சும், அதுவும் ஏட்டுக் கணக்கில். டீசலை எவ்வளவு வேண்டுமானாலும் கூட்டலாம். காற்றை யார் கொடுப்பது?

அதற்குத்தான் டர்போ. புகை வெளியேறும் வேகத்தில் சுழலும் விசிறி, காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் திணிக்கும். பழைய லாரியிலிருந்து கழற்றிய டர்போவைப் பொருத்துவது நடுத்தர மிஸ்திரிக்குக்கூட முடிகிற வேலை. வினை அதன் பிறகுதான் ஆரம்பம். இந்த எஞ்சின்கள் தாமே மூச்சிழுக்க வடிவமைக்கப்பட்டவை. பெரும்பாலானவற்றில் பிஸ்டனின் அடிவயிற்றில் எண்ணெய் பீய்ச்சிக் குளிர்விக்கும் ஏற்பாடு கிடையாது. அழுத்த விகிதமும் அதிகம். மேலும் காற்றைத் திணித்தால் ஹெட் கேஸ்கட் முதலில் சரணடையும். இல்லாவிட்டால் பிஸ்டன் தலை உருகும். விவரமான மிஸ்திரிகள் அழுத்த விகிதத்தைக் குறைக்கிறார்கள். கடினமான ஸ்டட் போல்ட் போடுகிறார்கள், காற்றைக் குளிர்விக்க இன்டர்கூலர் பொருத்துகிறார்கள். இத்தனையும் செய்த வண்டி மறுபடி வயலில் நாள் முழுக்க ஓடுமா என்று கேட்டால் பதில் வராது.

வேடிக்கை என்னவென்றால், இந்தப் பாடெல்லாம் பெரும்பாலும் தேவையே இல்லை. ஒரு எளிய கணக்கு இதைக் காட்டிவிடும். 50 ஹெச்.பி. டிராக்டர் முதல் கியரில் மணிக்கு இரண்டரை கிலோமீட்டர் வேகத்தில் நகர்கிறது என்று கொள்வோம். கியர்களில் ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும், அந்த எஞ்சின் 4,000 கிலோவுக்கு மேல் இழுக்கும் விசையைச் சக்கரத்துக்குத் தர முடியும். ஆனால் சக்கரம் அதைத் தரைக்குத் தருமா? தராது. 2,200 கிலோ எடையுள்ள டிராக்டரில் ஏறக்குறைய 1,430 கிலோ பின் சக்கரங்களின் மேல் உட்கார்ந்திருக்கும். உறுதியான மண்ணில் டயர் தன் மேல் இருக்கும் பாரத்தில் பத்தில் ஏழு பங்கைத்தான் இழுப்பாக மாற்றும். அதற்கு மேல் முறுக்கினால் சக்கரம் சுழலும், வண்டி நிற்கும். இழுக்கும்போது முன்பக்கத்து எடை கொஞ்சம் பின்னுக்கு நகர்வதையும் சேர்த்தால்கூட இந்த வண்டியின் இழுப்பு 1,200 கிலோவைத் தொடாது. எஞ்சினில் மிச்சமிருக்கும் சக்தியெல்லாம் மண்ணை வாரி இறைக்கத்தான் பயன்படும்.

அதே வண்டியின் பின் சக்கரங்களில் 600 கிலோ பாரம் ஏற்றினால்? இழுப்பு ஏறக்குறைய 1,670 கிலோவாக உயரும். பம்ப்பைத் தொடவில்லை, டர்போ போடவில்லை. இதனால்தான் அனுபவசாலிகள் முதலில் தண்ணீர்க் குழாயைத் தேடுகிறார்கள். 16.9-28 அளவுள்ள பின் டயரில் முக்கால் பாகம் தண்ணீர் நிரப்பினால் சுமார் 250 லிட்டர் பிடிக்கும். இரண்டு டயருக்கு அரை டன், செலவு ஏறக்குறைய பூஜ்யம். அதன் மேல் சக்கரத்தில் பூட்டும் வார்ப்பிரும்புத் தட்டுகள். பிறகு மண் மூட்டை, ரயில் தண்டவாளத் துண்டு, கான்கிரீட் கட்டை என்று அவரவர் கற்பனைக்குத் தக்கபடி. டயரிலும் சூட்சுமம் உண்டு. உழுத பொலபொலப்பான மண்ணில் புது டயரின் ஆழமான பட்டைகள் கவ்வும். காய்ந்து இறுகிய மைதானத்தில் கொஞ்சம் தேய்ந்த டயர்தான் அதிகப் பரப்பைத் தரையில் வைக்கும். காற்றைச் சற்றுக் குறைத்தால் பிடிப்பு கூடும். அளவுக்கு மேல் குறைத்தால் ரிம் டயருக்குள் வழுக்கி டியூப் வாயைப் பிடுங்கிவிடும்.

அப்படியானால் எஞ்சினை முறுக்குகிறவர்களெல்லாம் முட்டாள்களா? அதுவும் இல்லை. பாரம் ஏற ஏற எஞ்சினுக்கு வேலை வருகிறது. முதல் கியரில் ஊர்ந்து இழுப்பதைக் கேவலமாக நினைக்கிற ஆட்டக்காரர்கள் அதிகம். மணிக்கு ஐந்தாறு கிலோமீட்டர் போகும் கியரைப் போட்டால் எஞ்சின் தரக்கூடிய விசை பாதிக்கும் கீழே இறங்கி, டயரின் பிடிப்புக்கு அருகே வந்துவிடும். அந்த இடத்தில் கூடுதல் பத்து ஹெச்.பி. ஆட்டத்தை மாற்றும். இன்னொரு காரணம் கூட்டம். சத்தமும் புகையும் இல்லாமல் ஜெயித்தவனை யார் தோளில் தூக்குவார்கள்?

டோச்சன் மைதானத்தில் நடக்கும் சண்டைகளில் பாதிக்கு மேல் சங்கிலி மாட்டும் உயரத்தைப் பற்றியது. சண்டை நியாயமானதுதான். ஒரு வண்டியின் கொக்கி உயரத்திலும் மற்றதன் கொக்கி தாழ்வாகவும் இருந்தால் சங்கிலி சாய்வாக நிற்கும். உயரக் கொக்கியுள்ள வண்டியை அது கீழ்நோக்கி அமுக்கும், தாழ்ந்த கொக்கியுள்ளதை மேல்நோக்கித் தூக்கும். ஒருவனுக்கு இலவசப் பாரம், மற்றவனுக்கு இலவச நஷ்டம். ஆகவே எல்லோருக்கும் கொக்கியை உயர்த்த ஆசை. ஆட்டத்தின் மிகப் பெரிய அபாயமும் அங்கேதான் இருக்கிறது.

மேலே சொன்ன பாரம் ஏற்றிய டிராக்டரின் முன், பின் அச்சுகளுக்கிடையே 2.1 மீட்டர் தூரம் என்று வைத்துக்கொள்வோம். கொக்கி தரையிலிருந்து 45 சென்டிமீட்டரில் இருந்தால், முழு இழுப்பில் முன் சக்கரத்திலிருந்து சுமார் 360 கிலோ பின்னுக்கு நகரும். முன்னே 770 கிலோ இருந்ததில் 400 சொச்சம் மிஞ்சும். ஸ்டீயரிங் பேசும். கொக்கியை இரண்டு மடங்காக, 90 சென்டிமீட்டருக்கு உயர்த்தினால் இழுப்பு இரண்டு டன்னைத் தொடும். கேட்க இனிக்கிறது. ஆனால் பின்னுக்கு நகரும் எடை 870 கிலோ. முன்னே இருந்ததே 770தான். அதாவது, அந்த இழுப்பு வருவதற்கு முன்பே மூக்கு வானத்தைப் பார்க்கத் தொடங்கிவிடும்.

டிராக்டர் பின்புறமாகக் கவிழ ஒன்றரை விநாடி போதும் என்கிறார்கள் பண்ணைப் பாதுகாப்பு நிபுணர்கள். அதில் முதல் முக்கால் விநாடிக்குள் கிளட்சை மிதித்தால்தான் உண்டு. மனிதன் ஆபத்தை உணர்ந்து காலை அசைக்கவே ஏறக்குறைய அவ்வளவு நேரம் பிடிக்கும். இதற்குக் கிராமத்தில் கண்டுபிடித்திருக்கும் தீர்வு, பானெட்டின் மேலும் முன் பம்பரிலும் நான்கைந்து பையன்களை உட்கார வைப்பது. உயிருள்ள எடைக்கற்கள். வண்டி தூக்கிப் போட்டால் முதலில் பறப்பது அவர்கள்.

சங்கிலி அறுவது இன்னொரு கண்டம். தளர்ந்து கிடக்கும் சங்கிலியை விறைப்பாக்க வண்டி குதித்துப் பாயும்போது சாதாரண இழுப்பைவிடப் பல மடங்கு அதிர்ச்சி ஏறும். அதிர்ஷ்டமிருந்தால் பின் அச்சுக்குள் ஹாஃப் ஷாஃப்ட் முறியும், செலவோடு போகும். இல்லாவிட்டால் சங்கிலியின் கண்ணி தெறிக்கும். இரும்புக் கயிறு இன்னும் மோசம், நீண்டு விறைத்த சக்தியெல்லாம் சாட்டையாகத் திரும்பி வரும். அந்தச் சாட்டை எட்டுகிற தூரத்துக்குள் நின்று கைதட்டுகிற ஜனத்தை எந்த அமைப்பாளரும் விரட்டுவதாகத் தெரியவில்லை.

இழுவைப் போட்டி பஞ்சாபின் தனிச் சொத்தல்ல. அமெரிக்காவின் மிசௌரி, ஒஹையோ மாநிலங்களில் 1929லேயே டிராக்டர் இழுவைப் போட்டிகள் நடந்தன. 1969இல் அங்கே தேசியச் சங்கம் உருவாகிப் பொது விதிகள் வந்தன. அங்கே வண்டியும் வண்டியும் மோதுவதில்லை. தனித்தனியே, சுமை ஏற்றிய ஒரு சறுக்குவண்டியை இழுக்க வேண்டும். அது நகர நகர அதன் மேலுள்ள எடைப் பெட்டி முன்னுக்கு வந்து பாரத்தைக் கூட்டிக்கொண்டே போகும். 300 அடி இழுத்தால் முழு இழுப்பு. பண்ணை வண்டிகளுக்கான பிரிவுகளில் கொக்கியின் உயரத்துக்கு 20 அங்குலம் உச்சவரம்பு. வண்டி பின்னால் சாயாமல் இருக்கத் தாங்கு கட்டைகள் உண்டு. எஞ்சினை நிறுத்தும் விசையில் ஒரு கம்பி கட்டி மறுமுனையைச் சறுக்குவண்டியில் மாட்டுகிறார்கள். தொடர்பு அறுந்தால் எஞ்சின் தானாகச் செத்துவிடும். எடை பார்த்துப் பிரிவு, ஹெல்மெட், பார்வையாளருக்குத் தடுப்பு எல்லாம் உண்டு. டோச்சனுக்குப் பணமில்லாததால் இவை இல்லை என்று சொல்ல முடியாது. ஒரு அடி அளவுகோலும் ஒரு நிறுத்தும் கம்பியும் எவ்வளவு விலை இருக்கும்? ஒலிபெருக்கிக்குக் கொடுக்கும் வாடகையில் பத்தில் ஒரு பங்கு.

2023 அக்டோபர் கடைசியில் குர்தாஸ்பூர் மாவட்டத்துக் கிராம விளையாட்டு விழாவில் நடந்தது டோச்சன் அல்ல, டிராக்டர் சாகசம். முன் சக்கரங்களைத் தூக்கி நிறுத்தி, ஆளில்லாமல் வட்டமடிக்க விட்ட தன் டிராக்டரிலேயே சிக்கி இருபத்தொன்பது வயது இளைஞர் உயிரிழந்தார். அந்தக் காட்சி மாநிலம் முழுக்கச் செல்பேசிகளில் பரவியது. ஓரிரு நாளில் முதல்வர் பக்வந்த் மான் டிராக்டர் சாகசங்களுக்குத் தடை அறிவித்தார். டிராக்டர் வயலின் ராஜா, அதை எமனாக்காதீர்கள் என்ற பொருளில் வேண்டுகோளும் விடுத்தார். தடை வந்து எட்டு மாதம்கூட ஆகவில்லை. 2024 ஜூனில் பக்வாரா அருகே ஒரு கிராமத்தில் நடந்த டிராக்டர் பந்தயத்தில் வண்டி ஒன்று கட்டுப்பாடிழந்து கூட்டத்துக்குள் பாய்ந்து பலரைக் காயப்படுத்தியது.

சட்டம் ஏற்கனவே கையில் இருக்கிறது. தயாரிப்பாளர் குறித்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றக் கூடாது என்கிறது 1988ஆம் வருட மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. ஆனால் எந்தப் போலீஸ்காரர் வயல் நடுவே போய் பம்ப்பின் சீலைச் சோதிப்பார்? தவிர, பஞ்சாபில் டிராக்டரைத் தொடுவது அரசியல். 2020 நவம்பரில் டெல்லி நோக்கிப் புறப்பட்ட விவசாயிகள் ஹரியானா எல்லையில் குறுக்கே நிறுத்தியிருந்த தடைகளைச் சங்கிலி போட்டு ஓரம் இழுத்தது டிராக்டர்களைக் கொண்டுதான். 2021 குடியரசு தினத்தில் தலைநகர் பார்த்த டிராக்டர் அணிவகுப்பும் எளிதில் மறக்கிற காட்சியல்ல. அந்த மாதங்களுக்குப் பிறகு, இழுக்கும் டிராக்டர் ஒரு பொழுதுபோக்குச் சாமான் மட்டுமாக இருக்கவில்லை.

இதன் அடியில் கணக்கு வேறு மாதிரி ஓடுகிறது. பஞ்சாபில் டிராக்டர்களின் எண்ணிக்கை ஐந்து லட்சத்தைத் தாண்டும். பயிரிடும் நிலமோ சுமார் 41 லட்சம் ஹெக்டேர். ஒரு டிராக்டருக்கு எட்டு ஹெக்டேர்கூட முழுசாகக் கிடைக்காது. வருடத்துக்கு ஆயிரம் மணி நேரம் ஓடினால்தான் டிராக்டர் கட்டுப்படியாகும் என்பது வேளாண் பொருளாதார நிபுணர்கள் சொல்லும் பழைய அளவு. பஞ்சாபின் சராசரி டிராக்டர் அதில் பாதிகூட ஓடுவதில்லை. கடனில் வாங்கி, வருடத்தின் பெரும்பகுதி கொட்டகையில் நிற்கும் இயந்திரம். நிலம் பிரிந்து பிரிந்து சுருங்கிவிட்ட வீட்டில், கனடா விசா கிடைக்காத பையன். இருவருக்கும் செய்வதற்கு ஒன்றுமில்லாத மாதங்களில் டோச்சன் பிறக்கிறது.

இரண்டு டிராக்டர் வைத்திருக்கிற வீட்டுக்கு இது விளையாட்டு. ஒன்றை இழுவைக்கே நேர்ந்து விடுவார்கள். ஒரே டிராக்டர் உள்ள வீட்டில்தான் நெஞ்சு படபடக்கிறது. நவம்பரில் நெல் அறுத்த தாளடியைப் புரட்டிக் கோதுமை விதைக்கக் கிடைப்பது இரண்டு, மூன்று வாரம். அந்த வாரத்துக்கு முன் கிரவுன் பினியன் போய்விட்டால் வாடகை டிராக்டருக்கு வரிசையில் நிற்க வேண்டும். மூடப்பட்ட கம்பெனியின் வண்டியானால் உதிரிபாகத்துக்குக் காயலான் கடைகளிலும் படாலா, லூதியானா வார்ப்படப் பட்டறைகளிலும் அலைய வேண்டும். அப்பாவுக்குத் தெரியாமல் பம்ப்பைத் திருகிய பையன்கள், போட்டி முடிந்த இரவே அதே மிஸ்திரியிடம் போய்ப் பழைய அளவுக்குத் திருப்பி வைப்பதுண்டு. டயர்த் தண்ணீரை இறக்குகிறார்கள், ஆயில் மாற்றுகிறார்கள். டீசல் செலவு ஏறியதைப் பார்த்து அப்பா கண்டுபிடிப்பது தனி.

மண்டிக்காரர்களிடம் இதற்கெல்லாம் ஒரு கண் உண்டு. டோச்சன் விளையாடிய வண்டிக்கு ஆசைப்படுகிற வாடிக்கையாளர் ஒருவர் என்றால், அதற்காகவே விலையைக் குறைத்துக் கேட்கிற உழவர் பத்துப் பேர். அவர்கள் பெயின்ட்டைப் பார்ப்பதில்லை. பின்னால் குனிந்து கொக்கியின் துளை முட்டை வடிவில் நீண்டிருக்கிறதா, இழுவைக் கம்பி வளைந்திருக்கிறதா, கியர் பெட்டியின் போல்ட் தலைகள் மட்டும் புதிதாக மின்னுகின்றனவா, பம்ப்பின் சீல் கம்பி இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்கிறார்கள். பிறகு எழுந்து, கையைத் துடைத்துக்கொண்டு, ஒன்றும் சொல்லாமல் அடுத்த வண்டிக்கு நகர்கிறார்கள்.